குடிமகன் பாடும் வாழ்த்து

சேலத்திலிருந்து சங்ககிரி, திருச்செங்கோடு வழியாகப் பரமத்தி வேலூர் வரை பரந்து கிடக்கும் சமவெளியில், கொங்கு வேளாளர் இல்லத் திருமணம் மரபு வழுவாது நடைபெறின், அதனைப் புதிதாகக் காண்போர் சற்று வியப்புறுவர். சடங்குகளை நடத்திவைப்பவர் புரோகிதர் அல்லர். அருமைக்காரர் எனப்படும் அச்சமூகத்துப் பெரியவரே. மணமாகி மக்கட்பேறு பெற்று, அதற்குரிய சீரும் செய்துகொண்டவர்க்கே அத்தகுதி உண்டு. ஆயினும் மணமக்களை வாழ்த்திப் பாடும் உரிமை அவருக்கும் இல்லை. அது நாவிதருக்கு உரியது.

அவர் பாடுவது மங்கள வாழ்த்து. கம்பர் இயற்றித் தந்தது என்பது கொங்கு மரபு. மொழிநடையை நோக்குங்கால் எனக்கு அதில் ஐயமே. எச்சீருக்குப் பின் எச்சீர் என்னும் ஒழுங்கு முழுவதும் அப்பாட்டில் அடங்கியுள்ளது. அவர் ஓரடி பாடி நிறுத்தியதும் மேளத்தில் ஒரு தட்டு விழும். ஊர்ப் பெரியோர் யாவரும் அமைதியாகக் கேட்பர். முற்காலத்தில் அப்பெரியோரின் திண்ணையில் சமமாக அமர இயலாதவர், பாட்டு முடியும் வரை அவையைத் தம் குரலில் கட்டி வைத்திருந்தார்.

உயர்வு தாழ்வு சடங்கில் சிறிது நேரம் இடம் மாறுவது உலகில் அரிதன்று. பண்டை உரோமாபுரியில் டிசம்பர்த் திங்களில் நிகழ்ந்த சாட்டர்னேலியா விழாவில் அடிமைகளுக்கு எசமானர் விருந்து படைத்தனர். வட மலையாளத்துத் தெய்யத்தில் வண்ணான், மலையன் முதலிய சமூகத்தார் முடிசூடித் தெய்வமாகின்றனர். நிலக்கிழாரும் அவர்முன் கைகூப்புகின்றனர். ஆப்பிரிக்கச் சடங்குகளை ஆராய்ந்த மாக்ஸ் குளுக்மன் என்னும் மானிடவியலார், இத்தகைய மாற்றங்கள் சமூகப் படிமுறையை உடைப்பதில்லை, உறுதியே செய்கின்றன என்று 1954-இல் எழுதினார். கொதிப்புக்கு ஒருநாள் வடிகால். மறுநாள் பழைய இடம்.

கொங்குத் திருமணத்துக்கு இவ்விளக்கம் முழுதும் பொருந்துவதாக நான் கருதவில்லை. இங்கே எதுவும் தலைகீழாவதில்லை. பணிக்குடியில் பிறந்தமையால்தான் அவருக்குப் பாடும் உரிமையே வந்தது. பெருமையும் தளையும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன.

அவருக்குக் கொங்கு நாட்டில் வழங்கும் பெயரைப் பாருங்கள்: குடிமகன். வேளாண் குடிக்கு ஊழியம் செய்து, அறுவடைக் களத்தில் தானியம் பெற்றவர் என்பது அதன் பொருள். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு நம் அனைவர்க்கும் அளித்த நிலையையும் தமிழில் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். அங்கே பிறப்பால் வந்தது கடமை, இங்கே உரிமை.

களத்துத் தானியம் நம்பிப் பிழைத்த காலம் போயிற்று. பாட்டும் அச்சேறிவிட்டது. முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கும் மகன், தந்தையின் பாட்டைக் கற்க மறுத்தால், அவனைக் குறைகூற எவர்க்கு உரிமையுண்டு? பாட்டு நிலைக்க விரும்பும் இல்லத்தார் நாகசுரக் கலைஞரோடு பேசுவதுபோல் அவரோடும் முன்னதாகவே ஊதியம் பேசி, இருக்கை இட்டு அழைக்கலாம். கற்றவர் எவராயினும் பாடலாம் என்றும் ஆக்கலாம். அடிதோறும் தட்டு வைக்கும் மேளக்காரருக்கும் பக்கத்திலேயே ஓர் இருக்கை வேண்டும்.