ஏற்றத்தில் தெரியும் எடை

கூடாரம், படுக்கை முதலியவற்றைத் தாமே சுமந்து மிதிவண்டியில் நெடும்பயணம் செல்ல விரும்புவோர், கருவிகளின் விலையோடு எடையையும் கணக்கிடுதல் வேண்டும். ஆலப்புழைப் பகுதியின் சமதரைச் சாலைகளில் ஐந்து கிலோ கூடுதல் சுமை பெரிதாகத் தோன்றாது. அங்கே காற்றின் தடையே மிகுதி. ஆனால் திருவனந்தபுரத்திலிருந்து, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடிக்குச் செல்வோர், 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் அச்சுமையை உணர்வர். ஓட்டுபவர், வண்டி, உடைமைகள் அனைத்தும் சேர்ந்து 100 கிலோ எனில், 5 கிலோவைக் குறைத்தால் மேலேறும் உழைப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும். இறங்கும்போது பிரேக்கின் மீதான பளுவும் குறையும்.

முதற்படி, தேவையற்றதை விடுதல். இதற்குச் செலவே இல்லை. கேரளச் சமவெளியின் வெப்பமான இரவுகளுக்குத் தடித்த உறங்கும் பை வேண்டா. மெல்லிய போர்வை போதும். வழியெங்கும் தேநீர்க் கடைகள் உள்ள சாலையில் அடுப்பும் பாத்திரங்களும் பெரும்பாலும் வீண் சுமையே.

இரண்டாவது, கூடாரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆதலால் உள்ளே கொசுவலையும் வெளியே மழைத்தடுப்பும் கொண்ட இரட்டை அடுக்குக் கூடாரமே ஏற்றது. ஒற்றை அடுக்காயின், ஈரக்காற்றில் உட்புறம் நீர்த்துளிகள் படியும். முளை அடிக்காமலே நிற்கும் வகை, சிமெண்ட் தரையிலும் பயன்படும்.

மூன்றாவது, ஒரு கிராமைக் குறைக்க எத்தனை ரூபாய் என்று பார்த்தல். 1 கிலோ குறைந்த கூடாரத்துக்கு 8,000 ரூபாய் கூடுதல் எனக் கொள்வோம். கிராமுக்கு 8 ரூபாய். 50 கிராம் குறைந்த டைட்டானியம் கோப்பைக்கு 1,500 ரூபாய் கூடுதல் எனில், கிராமுக்கு 30 ரூபாய். இங்கே கூடாரமே சிறந்த செலவு.

விளக்கு, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், முதலுதவி மருந்துகள், குடிநீர் ஆகியவற்றில் மட்டும் எடையைச் சிக்கனம் செய்யலாகாது. காட்டுப் பகுதிகளில் வனத்துறையின் அனுமதியின்றிக் கூடாரம் அமைத்தலும் கூடாது.

வாங்குமுன் கையிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எதை விடுவது, எதற்குச் செலவிடுவது என்பதை அப்பட்டியலே காட்டிவிடும்.