காலியாக் கிடக்கும் அறைக்குள்ளும் ஒரு கணக்கு



"ஹோட்டல் மேனேஜ்மென்ட்னா சமையலும் பரிமாறுறதும்தானே, அதுல டெக்னாலஜிக்கு என்ன வேலை?" போன வருஷம் வரைக்கும் நானும் இப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். மே மாச லீவுல ஊட்டியில ரூம்மேட் வீட்டுல நாலு நாள் தங்கினேன். அதுக்கப்புறம் அந்தக் கேள்வியையே விட்டுட்டேன்.

அவங்க அப்பா 20 அறைகள் உள்ள ஒரு லாட்ஜ் நடத்துறார். மலர்க் கண்காட்சி சீசன். பிப்ரவரியிலேயே ஒரு டூர் குரூப்புக்கு 20 அறைகளையும் தலா 1,500 ரூபாய்க்குப் பேசி முடிச்சிருந்தார். நாங்க இருந்த சனிக்கிழமை, 3,000 ரூபாய் கொடுக்கத் தயாரா வந்த குடும்பங்கள் வரிசையா திரும்பிப் போனாங்க. "வருஷத்துல சம்பாதிக்கிறதே இந்த ரெண்டு மாசம்தான் தம்பி. பேங்க் டியூ இதுலதான் போகணும்"னார். அதுக்கு முந்தின வருஷம் குரூப்பே வேண்டாம்னு சொல்லி, பாதி அறை காலியாக் கிடந்ததாம். அந்தப் பயத்துலதான் இந்தத் தடவை மொத்தத்தையும் கொடுத்துட்டார்.

கொடுத்தாலும் நஷ்டம், வச்சிருந்தாலும் நஷ்டம். அப்போ எத்தனை அறை கொடுக்கணும்? ஹோட்டல் படிப்பில் இதைச் சொல்லித் தரும் பாடத்துக்கு 'ரெவின்யூ மேனேஜ்மென்ட்' என்று பெயர். தமிழில் வருவாய் மேலாண்மை. இன்று விற்காத அரிசியை நாளைக்கு விற்கலாம். இன்று ராத்திரி காலியாக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. விமான சீட்டும் அப்படித்தான். அதனால் இதற்கான விதி முதலில் விமானத் துறையிலிருந்துதான் வந்தது. பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் 1972-இல் சொன்னது இது:

குறைந்த விலைக்கு ஒருவர் கேட்கும்போது, 'இதை நிறுத்தி வைத்தால் பிறகு முழு விலைக்குப் போக எவ்வளவு வாய்ப்பு?' என்று பார்க்க வேண்டும். அந்த வாய்ப்பை முழு விலையால் பெருக்க வேண்டும். வரும் தொகை குறைந்த விலையைவிட அதிகமாக இருந்தால் நிறுத்தி வை, இல்லையென்றால் கொடுத்துவிடு.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 சீசன் சனிக்கிழமைகளில் 7 நாட்கள், கடைசி நேரத்தில் முழு விலைக்குக் குறைந்தது 8 பேராவது கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 8-வது அறையின் மதிப்பு 0.7 × 3,000 = 2,100. 1,500-ஐ விட அதிகம், நிறுத்தி வைக்கலாம். குறைந்தது 9 பேர் கேட்டது 4 நாட்கள் மட்டும் என்றால், 0.4 × 3,000 = 1,200. 9-வது அறையை நிறுத்தி வைப்பது வீண். ஆக, குரூப்புக்கு 12, கடைசி நேரக் கூட்டத்துக்கு 8. நாம படிச்ச ப்ராபபிலிட்டிதான், வேற ஒண்ணுமில்ல!

இந்தச் சிந்தனையை ஹோட்டல் வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஷெரில் கைம்ஸ். 1922-லேயே ஹோட்டல் நிர்வாகப் படிப்பைத் தொடங்கிய கார்னெல் பல்கலைக்கழகத்தின் இதழில், 1989-இல் இதன் அடிப்படைகளை விளக்கி எழுதினார்.

சரி, நாமளே போட்டுக் கொடுத்துடலாம்னு லாட்ஜ் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். தங்கினவங்க பேர் மட்டும்தான் இருக்கு. இடமில்லாம திரும்பிப் போனவங்க எங்கேயுமே இல்ல! 20 அறையும் நிரம்பினா, வந்தவங்க 20 பேர்னுதான் டேட்டா சொல்லும்; 35 பேர் வந்திருக்கலாம். இப்படி மறைந்துபோகும் தேவையை மதிப்பிடுவதே இந்தத் துறையில் ஒரு தனி ஆராய்ச்சி. அல்காரிதம் எவ்வளவு நல்லதா இருந்தாலும், எழுதி வைக்காத ஆளை அது எண்ணாது.

இன்னொரு சிக்கல், மனுஷங்க மனசு. பனிப்புயலுக்கு மறுநாள் 15 டாலர் மண்வெட்டியை ஒரு கடை 20 டாலருக்கு விற்றால் நியாயமா என்று கானமன், நெட்ச், தேலர் மூவரும் கேட்டார்கள். 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். இது 1986-இல் வெளியான ஆய்வு. பின்னாளில் கைம்ஸும் யோகன் விர்ட்ஸும் உணவக விலைகளை வைத்து ஆராய்ந்தபோது, ஒரே விலை வித்தியாசத்தை 'கூடுதல் கட்டணம்' என்று சொல்வதைவிட 'தள்ளுபடி' என்று சொன்னால் மக்கள் நியாயமாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. அதனால 3,000-ஐ வழக்கமான விலைன்னு போர்டுல எழுதிட்டு, முன்கூட்டியே பதிவு பண்றவங்களுக்குத் தள்ளுபடி கொடுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

ஊருக்குக் கிளம்புறப்போ ரிசப்ஷன் மேசையில ஒரு புது நோட்டை வச்சுட்டு வந்தேன். தேதி, எத்தனை பேர் கேட்டாங்க, என்ன விலைக்கு, ஏன் திரும்பினாங்க. நாலே கட்டம். "இதை எழுதினா என்ன கிடைக்கும் தம்பி?"ன்னு சிரிச்சார். இப்போ தினமும் ராத்திரி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புறார்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறவங்களே, உங்க ஊர் லாட்ஜுக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க. லேப்டாப்பை அப்புறம் திறக்கலாம். முதல்ல ஒரு நோட்டு வாங்கிட்டுப் போங்க.