பின்வளவில் ஒரு சின்னக் குளம்
கொசுவுக்கு இடம் கொடாமல் மீன் வளர்ப்பது எப்படி?



திருகோணமலை, கிண்ணியா, மூதூர் பக்கத்து வீடுகளில் கிணறும் முற்றமும் தென்னையும் இருக்கும் பின்வளவு புதிதல்ல. அந்த வளவில் ஒரு சிறு குளம் கட்டி, நாலு மீன் விட்டு, ஓர் ஆம்பலையும் நட்டால் எவ்வளவு அழகாயிருக்கும் என்று நினைக்காத பெண்கள் குறைவு. பிள்ளைகளும் விடாமல் கேட்கிறார்கள். ஆனால் இங்கே 'தேங்கிய தண்ணீர்' என்றாலே நெஞ்சு திடுக்கிடுகிறது. காரணம் உங்களுக்குத் தெரியும்.

2017ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கிண்ணியாவை டெங்கு உலுக்கியது. பல வீடுகளில் ஜனாஸா விழுந்தது. மார்ச் மாதத்தில் பாடசாலைகளையே மூடவேண்டி வந்தது. அந்த ஆண்டு இலங்கை முழுவதிலும் டெங்கு என்று பதிவானோர் 1,86,000க்கும் அதிகம். ஆகவே குளம் கட்டுமுன் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். மீன் உள்ள குளம் கொசுவை அழிக்கும். மீன் இல்லாத குளம் கொசுவை வளர்க்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி, வளவில் நுளம்பு பெருக விடுவது தண்டனைக்குரிய குற்றமும்கூட.

நம் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பல பள்ளிவாசல்களின் ஹவ்ழில் மீன் நீந்துவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் அழகுக்காக மட்டுமல்ல. கூத்தன் புழுக்களை மீன் தின்றுவிடும் என்பதும் ஒரு காரணம்.

இடமும் அளவும்

லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் நம் உறவினர்களும் வீட்டுக் குளம் வைக்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி மூடிக்கொள்ளும். மீன்கள் அடியில் சற்றே வெதுவெதுப்பான தண்ணீரில் அசையாமல் கிடக்கும். அதனால் அவர்கள் குளிருக்குப் பயந்து ஆழமாகத் தோண்டுகிறார்கள். நமக்கோ பயம் வெயில். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் ஆழமில்லாத தொட்டியில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திணறுவது இதனால்தான்.

எனவே காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் பட்டு, பிற்பகலில் சுவரின் நிழல் விழும் இடமாகப் பாருங்கள். மரத்தின் நேர் கீழே வேண்டாம். இலை உதிர்ந்து அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். தென்னையானால் தேங்காயும் விழும்.

ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி உயரம் முதல் முயற்சிக்குப் போதும். இரண்டடிக்குத் தண்ணீர் நிறைத்தால் சுமார் 1,350 லீட்டர் பிடிக்கும். அரை அடி மண்ணுக்குள்ளும், இரண்டடி மேலேயும் இருக்கட்டும். கோடையில் கிணறு வற்றும் வீடானால் இவ்வளவு பெரிதாகக் கட்டாதீர்கள். பாதி வெட்டிய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றே போதும்.

சுவரை ஏன் மேலே எழுப்பச் சொல்கிறோம்? தவழும் பிள்ளையும் நடை பழகும் பிள்ளையும் ஒரு சாண் தண்ணீரிலும் மூழ்கிவிடும். அதுவும் சத்தமின்றி, உம்மா உலையைப் பார்த்துத் திரும்பும் நேரத்துக்குள். சுவர் மட்டும் போதாது. இரும்புச் சட்டத்தில் கம்பி வலை அடித்து, கொக்கி போட்டு மூடும் மூடி ஒன்று செய்யுங்கள். மேசனுக்குக் கூலி பேசும்போதே மூடியையும் சேர்த்துப் பேசுங்கள். பூனையும் மீன்கொத்தியும் வராமலிருக்கவும் அதுவே காவல்.

மேல் விளிம்புக்கு அரை அடி கீழே ஒரு குழாய் வைத்து, அதன் வாயில் நுண்ணிய வலை கட்டுங்கள். மாரி மழையில் குளம் நிரம்பி வழியும்போது மீன் வெளியேறாது.

சீமெந்தின் காரம்

புதுச் சீமெந்தில் மீன் விட்டுச் சாகடிப்பதுதான் பலரும் முதலில் படும் நஷ்டம். சீமெந்திலிருந்து சுண்ணாம்புக் காரம் தண்ணீரில் இறங்கும். கட்டி முடிந்து ஒரு வாரம் ஈரம் காயாமல் வைத்திருங்கள். பின்பு நிரப்பி, மூன்று நாள் விட்டு, இறைத்து, தென்னந்தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். இப்படி மூன்று முறையாவது செய்யவேண்டும். இடையில் வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு ஊறவைத்து எடுப்பது நம் ஊர் வழக்கம். மூன்று நாளைக்கு மேல் வைக்காதீர்கள். மீனில்லாத தண்ணீரில் முட்டை புழுவாகி, ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகப் பறந்துவிடும். இறைத்தபின் சுவரைத் தேய்ப்பதும் அதற்காகவே. டெங்கு நுளம்பின் முட்டை சுவரில் ஒட்டி, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. திறந்த பாத்திரத்தில் ஓரிரு நாள் வெயிலில் வைத்து ஊற்றுங்கள்.

எந்த மீன், எத்தனை?

முதலில் கப்பி. சிறிய மீன்தான், ஆனால் நுளம்புப் புழுவைத் தேடித் தின்னும். கொஞ்சம் உவர்ப்பான கிணற்று நீரையும் தாங்கும். குட்டி போடும் இனமாதலால் மறுபடி வாங்கவேண்டியதில்லை. இரண்டு மூன்றை விட்டு மூன்று நாள் பாருங்கள். நலமாயிருந்தால் பத்துப் பன்னிரண்டு விடலாம். வாங்கி வந்த பையைக் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதன்பின் திறந்துவிடுங்கள்.

பிறகு அவசரப்படாதீர்கள். மீனின் கழிவை நஞ்சில்லாததாக மாற்றும் நுண்ணுயிர்கள் குளத்தில் பெருக நாலு முதல் ஆறு வாரம் செல்லும். அதன்பின் தங்கமீன் நாலு விடலாம். கப்பிக் குஞ்சுகளைத் தங்கமீன் தின்னும். ஆகவே ஒரு மூலையில் பாசி இருக்கட்டும்.

'திலாப்பியா விட்டால் கறிக்கும் ஆகுமே' என்பார்கள். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன் பெரிய குளங்களுக்கே பொருத்தம். சிறு தொட்டியில் அளவில்லாமல் குஞ்சு பொரித்து, எல்லாம் விரல் நீளத்திலேயே நின்றுவிடும்.

ஒரு சட்டியில் ஆம்பல் நட்டு அடியில் வையுங்கள். மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்கை இலை மூடினால் போதும். அதற்கு மேல் அடர்ந்தால் புழுக்கள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஆற்றுவாழையை மட்டும் ஒருபோதும் கொண்டுவராதீர்கள். அதைக் கட்டுப்படுத்த 1909ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் சட்டம் போடவேண்டி வந்தது.

அன்றாடப் பராமரிப்பு

தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். மிச்சச் சோற்றைக் கொட்டும் இடமல்ல அது. பத்து நாளுக்கொரு முறை கால்வாசித் தண்ணீரை இறைத்து, அதே அளவு ஊற்றுங்கள். இறைத்த தண்ணீர் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் நல்ல பசளை. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வெள்ளைக் கோப்பையில் ஓரத்துத் தண்ணீரை மொண்டு பாருங்கள். நெளியும் புழு தென்பட்டால் மீன் போதவில்லை, அல்லது பாசி கூடிவிட்டது என்று பொருள்.

வளர்க்க முடியாமல் போனால் மீனை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலியில் ஏற்கெனவே உள்ள மீன்களுக்கு வெளிநாட்டு மீன் எதிரியாகும். அண்டை வீட்டுச் சகோதரிக்குக் கொடுங்கள். மேலும் விபரம் வேண்டுமானால், 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்கலாம்.

சகோதரிகளே! வெள்ளிக்கிழமைக் கோப்பையைப் பார்க்க நேரமில்லை என்றால் குளமும் வேண்டாம். ஆசையை மாரி முடியும்வரை தள்ளிவையுங்கள். நேரம் உண்டென்றால், தீனி போடும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். மூடியின் கொக்கியை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.