பார்மட் அடிப்பதற்கு முன் ஒரு டீ

“தம்பி, சிஸ்டம் போச்சு. பார்மட் அடிச்சிட வேண்டியதுதானா?”

தெருமுனை ஸ்டூடியோ அண்ணன் கேட்டார். முகூர்த்த மாதம், மூன்று கல்யாண ஆல்பம் பாக்கி. திரையைப் பார்த்தேன். ஐகான்கள் எல்லாம் தட்டில் வைத்த இட்லி மாதிரி உப்பிக் கிடந்தன. பக்கத்தில் இருந்த இரண்டாவது மானிட்டர் இருட்டு. ஒரு ஃபோல்டரை மவுஸால் பிடித்து நகர்த்தினால் ஈரச் சேலையை இழுப்பதுபோல் விட்டுவிட்டு வந்தது.

“எதுவும் போகலண்ணே. டிரைவர்தான் கழண்டிருக்கு. ரெண்டு டீ சொல்லுங்க.”

அண்ணனுக்குக் கல்யாணம் வைத்துச் சொன்னால்தான் புரியும். முகூர்த்த நேரத்தில் ஐயர் மணவறையில் இருக்கிறார், மேளக்காரர்கள் மண்டபத்தின் ஓரத்தில். மந்திரம் அவர்கள் காதில் விழாது. நடுவில் ஒருவர் நின்று கையைத் தூக்கி ஆட்டுவார், உடனே கெட்டி மேளம் கொட்டும். கம்ப்யூட்டரில் அந்த நடு ஆள்தான் டிரைவர். ‘இந்தப் படத்தை இங்கே வரை’ என்று விண்டோஸ் பொதுவாகச் சொல்கிறது. திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டோ ஒவ்வொன்றும் உள்ளமைப்பில் வேறு. அதற்குத் தகுந்த கட்டளையாக மாற்றித் தருவது டிரைவரின் வேலை.

இதில் வம்பு என்னவென்றால், விண்டோஸை எழுதுவது ஒரு கம்பெனி, டிரைவரை எழுதுவது கார்டின் சிப்பைச் செய்த கம்பெனி. ஒருவர் வீட்டை இடித்துக் கட்டினால் மற்றவரின் கதவு பொருந்தாது. விண்டோஸ் விஸ்டா வந்தபோது திரையைக் கையாளும் முறையையே மைக்ரோசாப்ட் மாற்றியது. எல்லோரும் டிரைவரைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28 சதவீதத்துக்கு மேல் என்விடியா டிரைவர்களால் வந்தவை என்று, பிற்பாடு அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றில் வெளிவந்த மைக்ரோசாப்டின் உள் ஆவணங்களே காட்டின. அந்த அளவுக்கு இப்போது இல்லை. பிரச்சினையின் வேர் மட்டும் அதேதான்.

“சரி, டிரைவர் இல்லன்னா படமே வரக் கூடாதுல்ல?”

நல்ல கேள்வி. அதற்குத்தான் விண்டோஸ் கையோடு ஒரு மாற்று ஆளை வைத்திருக்கிறது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். ‘டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்’ என்பதன் கீழே கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தது. இவர் எந்தக் கார்டிலும் படம் காட்டுவார், அதோடு சரி. கார்டின் திறமை எதையும் தொடத் தெரியாது. வரைகிற வேலை மொத்தமும் பிராசஸர் தலையில் விழும். இரண்டாவது மானிட்டர் எரியாது, எழுத்தின் அளவு சரிப்படாது. லேப்டாப்பாக இருந்தால் திரை வெளிச்சத்தைக்கூடக் கூட்டிக் குறைக்க முடியாது. திரையில் கண்ட குறை அத்தனைக்கும் இந்த ஒரு வரிதான் காரணம்.

“நேத்து ராத்திரி என்னண்ணே பண்ணீங்க?”

டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அப்டேட் ஓடிட்டு இருந்துச்சு தம்பி. எழுபது பர்சன்ட்ல ரொம்ப நேரமா நின்னுச்சு. வீட்டுக்குப் போகணும்ல... ஸ்விட்சை அணைச்சிட்டேன்.”

பழைய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளை உட்கார வைக்கிற நேரத்தில் கரண்ட்டைப் பிடுங்கியிருக்கிறார். கார்டின் மேல் குற்றமில்லை.

யாரும் ஸ்விட்சைத் தொடாமலும் டிரைவர் மாறிப்போவது உண்டு. அதைப் புரிந்துகொள்ள, அதே டிவைஸ் மேனேஜரில் பிராபர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போய்ப் பாருங்கள். நீளமாக ஒரு வரி வரும். அதில் ‘விஇஎன்’ என்ற எழுத்துகளை அடுத்து இருப்பது கார்டின் குலம். 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். 1978இல் தான் வெளியிட்ட சிப்பின் எண்ணையே இன்டெல் அடையாளமாக வைத்துக்கொண்டது! அடுத்து வருவது மாடல். அதற்கும் அடுத்தது, கார்டையோ லேப்டாப்பையோ விற்ற கம்பெனியின் அடையாளம். கார்டின் பெயர் மறைந்துபோனாலும் இந்த வரி மறையாது. பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பது எந்தக் கார்டு என்று கண்டுபிடித்துவிடலாம்.

விண்டோஸ் டிரைவரைத் தேர்ந்தெடுப்பதும் இந்த வரியை வைத்துத்தான். எந்த டிரைவர் இந்த வரியோடு அதிகம் ஒத்துப்போகிறதோ அதற்கே முதல் மரியாதை. தேதியைப் பார்ப்பது அப்புறம்தான். அதனால்தான் லேப்டாப்பில் நீங்கள் போன வாரம் போட்ட புது டிரைவரைத் தள்ளிவிட்டு, லேப்டாப் கம்பெனி எப்போதோ கொடுத்த பழையது அப்டேட்டுக்குப் பின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. விண்டோஸின் கணக்கில் அது சரியான ஆள். நமக்குத்தான் எரிச்சல்.

அப்படி ஆள் மாறிய கேஸில், டிரைவர் டேபில் இருக்கும் ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டனை அழுத்தினால் முந்தையது திரும்பிவிடும். இரண்டு நிமிட வேலை. அண்ணனுடையதில் அந்தப் பட்டன் மங்கிக் கிடந்தது. திரும்பிப் போக முந்தைய டிரைவர் மிச்சமில்லை என்று அர்த்தம். புதிதாகத்தான் போட வேண்டும்.

லேப்டாப் என்றால் முதலில் லேப்டாப் கம்பெனியின் தளம், அசெம்பிள் செய்த பெட்டி என்றால் கார்டு சிப் செய்த கம்பெனியின் தளம். வேறெங்கும் போகாதீர்கள். ‘உங்கள் எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று வரும் சாப்ட்வேர்களை நான் ஒருநாளும் கிட்டே சேர்த்ததில்லை. அண்ணனுடையது என்விடியா. அந்தத் தளத்தில் கேம் ஆடுகிறவர்களுக்கு ஒன்று, படம், வீடியோ வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டாவதன் பெயர் ஸ்டூடியோ டிரைவர்.

“நம்ம கடைக்குன்னே செஞ்சிருக்கானா?” அண்ணன் முகத்தில் காலையிலிருந்து முதல் சிரிப்பு.

அரை ஜிபிக்கு மேல் இருந்ததால் இறங்க நேரமானது. இறங்கி முடிந்ததும் நெட் கேபிளைக் கழற்றினேன். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாம் பழையதைச் சுத்தம் செய்து ரீஸ்டார்ட் செய்கிற இடைவெளியில், விண்டோஸ் நெட்டிலிருந்து தானே ஒரு டிரைவரை எடுத்து மாட்டிவிடும். பிறகு, அரைகுறையாய்க் கிடந்ததை ‘அன்இன்ஸ்டால்’ செய்து, டிரைவரையும் சேர்த்து நீக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் அடித்தேன். இதிலும் அடங்காத கேஸ்களுக்கு ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவசக் கருவி உண்டு. சேஃப் மோடில் வைத்துத்தான் அதை ஓட்ட வேண்டும்.

“திரையே வரலன்னா என்ன தம்பி பண்றது?”

விண்டோஸ் கீயோடு கன்ட்ரோல், ஷிப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். ஒரு ‘பீப்’ கேட்டு டிரைவர் மறுபடி எழும். அதற்கும் மசியவில்லை, ஆனால் லாகின் திரையாவது வருகிறது என்றால், அதில் ஷிப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போய் டிரைவரை நீக்கலாம். பெரிய வெர்ஷன் மாற்றத்துக்குப் பிறகு வந்த தொல்லை என்றால், பழைய விண்டோஸுக்கே திரும்பிப் போக வழக்கமாகப் பத்து நாள் அவகாசம் தருகிறார்கள். பார்மட் இதற்கெல்லாம் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியது. அடித்தாலும் கடைசியில் இதே டிரைவரைத்தான் தேடிப் போட வேண்டும்.

இன்ஸ்டாலரில் ‘கஸ்டம்’ போய், ‘கிளீன் இன்ஸ்டாலேஷன்’ டிக் அடித்து ஓடவிட்டேன். பாதியில் திரை பட்டென்று அணைந்தது. அண்ணனின் கை தானாக ஸ்விட்ச் பக்கம் போனது.

“தொடாதீங்கண்ணே!”

கையை எடுத்துக்கொண்டார். ஐந்தாறு நொடி இருக்கும். திரை வந்தது, மறுபடி போனது, மறுபடி வந்தது. இந்தத் தடவை ஐகான்கள் தம் அளவுக்குச் சுருங்கியிருந்தன. பக்கத்து மானிட்டரில் பாதி முடித்த ஆல்பத்தின் மணப்பெண்.

“இன்னொரு டீ சொல்லவா தம்பி?”