எத்தனையாம் நாள் காய்ச்சல்?

"ரெண்டு மணித்தியாலம் வரிசையிலை நிண்டு உள்ளுக்குப் போனா, டொக்டர் கேள்விதான் கேட்டவர். ஊசியும் இல்லை, ஒண்டும் இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டு திரும்புவோரை நாம் முகாம்களில் அடிக்கடி சந்திக்கிறோம். ஊசி போட்டால்தான் வைத்தியம், இரத்தம் எடுத்தால்தான் சோதனை என்பது எம்மவரிடையே ஊறிப்போன எண்ணம். காய்ச்சலைப் பொறுத்தவரை வைத்தியருக்கு முதலில் வழிகாட்டுவது நாம் சொல்லும் பதில்களே. இதை நாம் ஒரு குடும்பத்தின் துன்பத்தின் வழியாகவே கற்றுக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் காலபோக விதைப்பு முடிந்த நாட்கள். நாம் சென்றுவந்த முகாமொன்றில் நடுத்தர வயதுக் கமக்காரர் ஒருவருக்குக் கடும் காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு. பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்படி நாமும் சொல்லிவிட்டு வந்தோம். இரண்டாம் நாள் வைத்தியசாலைக்குப் போனார். தொழில் என்ன என்று கேட்டதற்கு "ஒரு தொழிலும் இல்லை, முகாமிலை இருக்கிறன்" என்றார். அவர் இரண்டு வாரமாக வேறொருவரின் வயலில் நாட்கூலிக்குச் சேற்றில் நின்று களை பிடுங்கியவர். வேலைக்குப் போவது தெரிந்தால் நிவாரணத்தை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் அதைச் சொல்லவில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கான மருந்துடன் திரும்பினார். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகிச் சலம் போவது குறைந்தது. அது எலிக்காய்ச்சல். சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பெரிய வைத்தியசாலையில் பல நாட்கள் இரத்தச் சுத்திகரிப்புச் செய்தே உயிர்தப்பினார்.

எலி, மாடு, நாய் முதலியவற்றின் சலத்துடன் வெளியேறும் கிருமி வயற்சேற்றிலும் வெள்ளநீரிலும் கலந்து, கால் கையிலுள்ள சிறு காயங்களின் ஊடாக உடம்பினுள் புகுகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். ஆகவே இன்று வயலுக்குப் போகவில்லை என்பது போதாது. கடந்த ஒரு மாதத்துக்குள் சேற்றிலோ தேங்கிய வெள்ளத்திலோ இறங்கினோமா என்பதைச் சொல்லவேண்டும். 2008இல் எமது நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் நோயாளர்களாகப் பதிவாகினர். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்தின் பின்னர் இனந்தெரியாத காய்ச்சல் என்று சனங்கள் பயந்ததும் சோதனையில் எலிக்காய்ச்சலாகவே காணப்பட்டது. அதில் உயிர்களும் போயின.

"எத்தனையாம் நாள் காய்ச்சல்?" என்ற கேள்விக்கும் பெரிய காரணம் உண்டு. டெங்குக் கிருமியைக் காட்டும் சோதனை காய்ச்சலின் முதல் நாட்களிலேயே பயன்தரும். குருதிச் சிறுதட்டுக்கள் குறைகின்றனவா என்று பார்க்கும் சோதனையை மூன்றாம் நாளாவது செய்யவேண்டும். எலிக்காய்ச்சலுக்கான குருதிச் சோதனையோ முதல் வாரத்தில் ஒன்றுமில்லை என்று காட்டக்கூடும். அதனால் வயலில் நின்றவர் என்று தெரிந்தால், வைத்தியர் சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுகிறார். "நாலைஞ்சு நாள் இருக்கும்" என்று நாம் மழுப்பினால் எந்தச் சோதனை எதைச் சொல்கிறது என்பதே குழம்பிவிடும். காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் பிள்ளையின் கொப்பி ஒற்றையிலாவது எழுதி வையுங்கள்.

கேள்விக்குப் பிறகே உடம்பைப் பார்ப்பது. வைத்தியர் கெண்டைக்காலை அமத்திப் பார்ப்பது விளையாட்டுக்கல்ல. எலிக்காய்ச்சலில் அந்த இடம் தொடமுடியாமல் நோகும், கண்ணும் சிவந்திருக்கும். கைவிரலை அமத்தி விடுவது இரத்தவோட்டம் சரியாக உள்ளதா என்று அறிய. இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லவேண்டும். பற்றைக்காணி துப்பரவாக்குவோருக்கும் விறகுக்குப் போவோருக்கும் உண்ணிக்காய்ச்சல் வருவதுண்டு. அதற்குப் பெரிய அடையாளம், சிகரெட்டால் சுட்டதுபோன்ற நோவில்லாத கறுப்புப் பொருக்கு. அது பெரும்பாலும் கமக்கட்டு, தொடைச்சந்து, மார்பின் கீழ் போன்ற மறைவிடங்களில்தான் இருக்கும். எம் பெண்கள் அதைக் காட்டுவதில்லை. நேரில் காட்டக் கூச்சமென்றால் தாதியிடமாவது சொல்லுங்கள். அந்தப் பொருக்கு ஒன்றே பல சோதனைகளை மிச்சப்படுத்தும்.

மலேரியாவைப் பலர் இன்னும் விசாரிக்கிறார்கள். 1999இல் இந்நாட்டில் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அது கண்டது; வன்னியில் குலைப்பன் காய்ச்சல் காணாத வீடு குறைவு. 2012க்குப் பின்னர் உள்ளூரில் தொற்றியவர் இல்லாததால் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. எனினும் இந்தியாவிலோ ஆபிரிக்காவிலோ இருந்து திரும்பிய ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பயணத்தைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்க எவருக்கும் தோன்றாது.

மருந்துக்கடையில் வாங்கி விழுங்கியதையும் மறைக்கவேண்டாம். உறையைக் கையோடு கொண்டுபோங்கள். டெங்குவில் அஸ்பிரின், புரூபன், டைக்ளோபெனாக் போன்ற நோக்குளிசைகள் இரத்தப்போக்கை உண்டாக்கலாம். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டுமே, அதுவும் அளவோடு. டெங்குவில் காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைப்பது பெரும் பிழை, ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுநோ, விடாத சத்தி, கைகால் குளிர்தல், சலம் குறைதல், இரத்தம் கசிதல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

பதிவில் எம்மவர் சொந்த ஊர் விலாசத்தைக் கொடுக்கிறார்கள். அந்தப் பற்று எமக்கும் விளங்குகிறது. ஆனால் எலிக்காய்ச்சலும் டெங்குவும் அறிவிக்கப்படவேண்டிய நோய்கள். அந்த விலாசத்தைத் தேடிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆளில்லாத வளவுக்குப் போக, நோய் முகாமில் பரவிக்கொண்டிருக்கும். ஊரின் பெயரோடு இப்போது தங்கியிருக்கும் இடத்தையும் சொல்லுங்கள்.

நாம் குறிப்பிட்ட கமக்காரர் மறு போகத்தில் மீண்டும் கூலிக்கு வயலில் இறங்கினார். இம்முறை முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், வாரம் ஒருமுறை சாப்பாட்டின் பின் எடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையைக் கேட்டு வாங்கினார். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் எடுக்கக்கூடாது என்பதால் கொடுக்குமுன் விசாரித்தார்கள். தொழில் என்ன என்று கேட்டபோது "வயல்வேலை" என்றார்.