ஒரு கணவாய், இரண்டு விளைச்சல்

ஜூலை மாதத்தில் அச்சன்புதூர் வயல் வரப்பில் நின்று மேற்கே பாருங்கள். மேக்கரை மலைகளின் உச்சி தெரியாது, மேகம் மூடியிருக்கும். முகத்தில் சாரல் படும். கார் பருவத்து நெற்பயிர் காற்றில் சாயும். அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் சுரண்டைப் பக்கம் போனால், அதே காற்று வீசுகிறது, ஆனால் மழை இல்லை. மானாவாரி நிலங்களின் நடுவே காற்றாலைகள் சுழல்கின்றன. ஒரே காற்று ஓரிடத்தில் நெல்லையும் மற்றோரிடத்தில் மின்சாரத்தையும் விளைவிப்பது எப்படி?

அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலேறுகிறது. உயரே அழுத்தம் குறைவாதலால் அது விரிகிறது. விரிவதற்கு வேண்டிய சக்தியைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் குளிர்கிறது. ஈரம் நீர்த்துளியாகும் வரை 1000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குறையும். மேகம் உண்டான பின் உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால், சுமார் 6 டிகிரிதான் குறையும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடல் மட்டத்தில் 28 டிகிரியில் கிளம்பிய காற்று 400 மீட்டர் ஏறியதும் 24 டிகிரி. அங்கே மேகம் தொடங்குவதாகக் கொள்வோம். 1400 மீட்டரில் 18 டிகிரி. மழையைக் கொட்டிவிட்டு மறுபுறம் கடல் மட்டம் வரை இறங்கினால் 14 டிகிரி கூடி 32 ஆகும். கிளம்பியதைவிட 4 டிகிரி அதிகம், ஈரமும் போயிற்று. மழை மறைவுப் பிரதேசம் உண்டாவது இப்படித்தான்.

அப்படியானால் அச்சன்புதூரும் வறண்டிருக்க வேண்டுமே? இங்கேதான் செங்கோட்டைக் கணவாய் குறுக்கிடுகிறது. இரு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைகள் நிற்க, நடுவே மட்டும் மலைத்தொடர் தாழ்ந்திருக்கிறது. முழு ஈரத்தையும் இழக்காத மேகங்கள் அந்த வழியே புகுந்து, குற்றாலம், தென்காசி வட்டாரத்தை நனைக்கின்றன. கிழக்கே போகப் போகக் காற்று சூடேறி, மேகம் கரைந்துவிடுகிறது.

மேகம் கரைந்தாலும் வேகம் மிச்சம். இடுக்கில் நெருக்கப்பட்ட காற்று விரைந்து பாய்கிறது. காற்றின் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 38 வாட். 8 மீட்டரானால் 307 வாட். வேகம் இரு மடங்கு, திறன் எட்டு மடங்கு! ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு எதிரே முப்பந்தலிலும், கலிபோர்னியாவின் சான் கொர்கோனியோ கணவாயிலும் காற்றாலைகள் திரண்டிருப்பது இதனால்தான்.

(கணவாய் காற்றுக்கு மட்டும் வழியல்ல. 1904-இல் கொல்லம் இரயில் பாதை மலையைக் கடந்ததும் இதன் வழியேதான்.)

பூகோளம் தருவதைப் பிடித்து வைக்க மனித முயற்சி வேண்டும். மலையில் பெய்வதை அனுமன் நதியின் குறுக்கே 132 அடி உயர அடவிநயினார் அணை தேக்குகிறது. அந்த நெல் நடவு, அறுப்பு, அரவை என்று ஊரிலேயே பலருக்குக் கூலி தருகிறது. மின்சாரமோ கம்பி வழியே வெளியூர் போய்விடுகிறது. இரண்டு விளைச்சலையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

பருவக்காற்று பலவீனமான ஆண்டில் கார் நெல்லும் காற்று மின்சாரமும் ஒருசேரக் குறையும். நெல்லுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை உண்டு. அணை நிரம்பினால் பிசானம் விளைந்துவிடும். காற்றாலை முழு வேகத்தில் சுழல அடுத்த வைகாசி வரை காத்திருக்க வேண்டும்.