ரத்தம் சிந்தும் இதயத்துக்கு நேர்ந்த கதி

ஸ்பெயின் கடற்கரையில் ஒரு மாளிகை, ஆல்ப்ஸ் மலையில் இன்னொன்று என வைத்திருக்கும் லண்டன் பணக்காரர் ஒருவர், இந்த வருடம் வரி கூடிவிட்டதே என்று விருந்தில் புலம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவர் முகத்தில் சலனமே இல்லாமல் ‘மை ஹார்ட் பிளீட்ஸ் ஃபார் யூ’ என்பார். உனக்காக என் நெஞ்சில் ரத்தம் வடிகிறது என்று அர்த்தம். ‘இதெல்லாம் ஒரு கஷ்டமா?’ என்பதுதான் உள்ளே இருக்கும் குத்தல்.

பூகம்பத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பற்றிச் சொல்லும்போது இதே வாக்கியம் உண்மையான பரிவாகிவிடும். துயரம் சிறுக்கச் சிறுக்கக் கேலி ஏறும். நாம் ‘ஐயோ பாவம்’ என்று இழுப்பதைப் போலத்தான். இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் கேலியின் கைதான் ஓங்கியிருக்கிறது. இரங்கல் கடிதம் எழுதுபவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

இதற்கு ஒரு பங்காளியும் உண்டு: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டி, ‘உலகிலேயே சின்ன வயலின் உனக்காகச் சோக கீதம் வாசிக்கிறது’ என்பது. இயக்குநர் டாரன்டினோவின் 1992ஆம் ஆண்டுப் படமான ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ஸில், உணவகப் பணிப்பெண்களுக்கு டிப்ஸ் தர மறுக்கும் மிஸ்டர் பிங்க் இதைத்தான் செய்வார்.

நெஞ்சில் ரத்தம் வடிகிறது என்றால் கேலியாகிவிடுமோ என்ற சங்கடம் ஷேக்ஸ்பியருக்கு இருக்கவில்லை. 1611இல் மன்னர் முன் நடிக்கப்பட்ட ‘தி டெம்பஸ்ட்’ நாடகத்தில், தந்தையோடு கடலில் துரத்தப்பட்டபோது தான் அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்திருப்போம் என்று எண்ணி, நெஞ்சில் ரத்தம் வடிவதாகச் சொல்கிறாள் மிராண்டா. அதில் துளியும் கிண்டல் கிடையாது.

அந்த இதயத்தை அரசியல் வசைச்சொல்லாக்கியதில் அமெரிக்கப் பத்திரிகையாளர் வெஸ்ட்புரூக் பெக்லருக்குப் பெரிய பங்கு உண்டு. கறுப்பினத்தவரைக் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற காலம் அது. அதைத் தடுக்கும் மசோதா 1938இல் செனட்டுக்கு வந்தபோது, தென்மாநில உறுப்பினர்கள் மணிக்கணக்கில் பேசியே அதை முடக்கினார்கள். பெக்லரின் கோபமோ மசோதாவை ஆதரித்தவர்கள் மீது பாய்ந்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் 14 உயிர்களைக் காக்கும் சட்டத்துக்காக மற்ற வேலைகளெல்லாம் நிற்க வேண்டுமா என்று கேட்டு, அவர்களை ‘பிளீடிங் ஹார்ட்’ என்று ஏசினார். இரக்கம் காட்டுவதே தொழிலாகப் போனவர்கள் என்ற ஏளனம் அது. கணக்குப் போட்டு உயிரை எடைபோட்ட அந்த மனிதருக்கு 1941இல், தொழிற்சங்க ஊழலை அம்பலப்படுத்தியதற்காக, புலிட்சர் பரிசு கிடைத்தது.

1954இல் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, தன்னை விமர்சித்த தொலைக்காட்சிச் செய்தியாளர் எட்வர்ட் மரோ மீது இதே முத்திரையைக் குத்தினார். இன்றும் அமெரிக்க வலதுசாரிகளின் வாயில் ‘பிளீடிங் ஹார்ட் லிபரல்’ சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது.

பெக்லர் பரிகசித்ததைப் போன்ற ஒரு சட்டம் கடைசியில் 2022 மார்ச்சில் நிறைவேறியது. 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது.